மறு: ‘தோல் பதனிடும் தெளிப்பு’ – மாற்றுச்சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

வெயிலில் நிற்காமலே மேனி பழுப்பு நிறமாவதற்காகத் தெளிப்பதை (ஆங்கிலத்தில் spray tan) அழகு நிலையக் கையேட்டில் ‘தோல் பதனிடும் தெளிப்பு’ என்று எழுதியிருப்பதை நண்பர் ஒருவர் நேற்று எடுத்துக்காட்டியிருந்தார். அதை முதலில் நீக்கிவிட வேண்டும். பதனிடுதல் என்பது ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நடக்கும் தொழில். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் செருப்பாகும் வழி. உயிருள்ள மேனிக்கு அந்தச் சொல்லைப் போட்டால் படிக்கிறவருக்கு உடம்பு கூசும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் tanning என்ற ஒரே சொல் என்பதால் நமக்கும் அப்படி இருக்க வேண்டியதில்லை.

குழுவில் அம்மா ஒருவர் மாற்றாகத் தந்த ‘வெயிலில்லாக் கருக்கல்’ எனக்கு ஒப்பவில்லை. கருக்கல் என்றால் அந்திப் பொழுது, அல்லது தீய்ந்த தோசை. ‘நிறப்பூச்சு’, ‘சாயம்’ இரண்டும் பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் நடப்பதை அவை தவறாகச் சொல்கின்றன.

நான் வசிக்கும் பர்மிங்காமில் எதிர்வீட்டுப் பெண் இந்த வேலை செய்கிறாள். என் அக்காவின் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு, கூடத்தில் சிறு கூடாரம் விரித்து அக்காவை நிறுத்தித் தெளித்தாள். அதற்கு முன் உள்ளங்கை, குதிகால், முழங்கை, முழங்கால் எல்லாவற்றிலும் களிம்பு தடவினாள். வறண்ட தோல் தெளிக்கும் நீரை மிகுதியாகக் குடித்துத் திட்டுத் திட்டாகிவிடுமாம். உள்ளங்கையோ ஆரஞ்சு நிறமாகிவிடுமாம். தெளித்தவுடன் தெரிந்த பழுப்பு மறுநாள் குளித்தபோது நீரோடு போய்விட்டது. மெய்யான நிறம் அதற்குள் தோலிலேயே ஊறியிருந்தது. தெளித்த அன்றிரவு அக்கா அருகே போனபோது ரொட்டி வறுத்த வாசனை வந்தது.

அந்த வாசனை சரியான தடயம். தெளிப்பில் இருப்பது டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற எளிய சர்க்கரை. மேல்தோலின் இறந்த அடுக்கில் உள்ள அமினோ அமிலங்களோடு அது சேர்ந்து பழுப்பாகிறது. ரொட்டியின் மேற்பகுதி சிவப்பதும் இதே வகை வினையால்தான். 1912இல் பிரெஞ்சு வேதியியலர் மாயார் விளக்கியது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர் நோயுற்ற குழந்தைகளுக்கு இந்தச் சர்க்கரையை வாய்வழி மருந்தாகக் கொடுத்தபோது, சிந்திய இடத்தில் தோல் பழுப்பானது தெரியவந்தது. அவர் தம் தோலிலேயே தடவிச் சோதித்தார். அந்த இறந்த அடுக்கு உதிர உதிர, ஒரு வாரம் போல நிறமும் போய்விடும். வெளியிலிருந்து சாயம் ஏறவில்லை, தோலே நிறம் மாறுகிறது. ஆகவே ‘பூச்சு’ வேண்டாம்.

என் பரிந்துரை: மாநிறத் தெளிப்பு.

மாநிறம் எல்லார் வாயிலும் புழங்கும் சொல். அதன் வேரும் பழையது. குறுந்தொகையின் 27ஆம் பாட்டில் தலைவி, பசலை (பிரிவால் மேனியில் படரும் வெளிறிய நிறம்) உண்டுவிடுமே என்று வருந்துவது தன் ‘மாமைக் கவினை’, அதாவது மாநிற அழகைத்தான். மாந்தளிரின் செம்பழுப்பை நம்மவர்கள் அழகென்று பாடியிருக்கிறார்கள். அந்த நிறத்தைக் காசு கொடுத்துப் பெறும் பழக்கத்துக்குப் பெயர் வைக்கும்போது, கருகல், கறை என்று இழிவு தொனிக்கும் சொல்லை நாம் ஏன் எடுக்க வேண்டும்?

‘தெளிப்பு’ கட்டாயம் இருக்க வேண்டும். கண்ணிலும் உதட்டிலும் மூக்கினுள்ளும் படக்கூடாது, மூச்சில் இழுக்கக்கூடாது என்ற எச்சரிக்கை தெளிப்பதால் வருவது. வீட்டில் கையால் தேய்ப்பதை ‘மாநிறக் களிம்பு’ என்று பிரித்துவிடலாம். இரண்டிலும் ‘வெயில்’ வராமல் இருப்பது நல்லது. வெயிலைத் தடுக்கும் என்று யாரும் நம்பிவிடக்கூடாது. இந்த நிறம் வந்தாலும் வெயில்காப்புக் களிம்பு தனியாகப் பூசத்தான் வேண்டும்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. தெளிக்கும்போது எங்கே பட்டது என்று தெரிவதற்காகச் சேர்க்கும், குளித்தால் போய்விடும் அந்த முதல் பழுப்புக்கு ‘முன்னிறம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘முன்’னும் ‘நிற’மும் ஒட்டிக்கொண்டதில் பொருள் மறைகிறதோ என்று ஐயமாக இருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.