திருக்கடையூருக்கு வருபவர்கள் தரங்கம்பாடியில் ஓர் இரவு தங்கலாமா?

கேள்வி: பவானிக்கரை

அனைவருக்கும் வணக்கம். வரும் மாசி மாதம் என் தந்தையின் மணிவிழாவைத் திருக்கடையூரில் நடத்தவிருக்கிறோம். வியாழக்கிழமை முற்பகலில் சடங்குகள் முடிந்து, மதிய உணவுக்குப் பின் உறவினர்கள் வேனில் ஊர் திரும்பிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தினர் ஐவருக்கு மட்டும் சனிக்கிழமை மாலைதான் மயிலாடுதுறையிலிருந்து ரயில். இடைப்பட்ட இரண்டு நாளைக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் கழிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அறுபது வயதாகியும் அவர் கடற்கரையில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

தரங்கம்பாடி பக்கத்திலேயே இருப்பதால் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால், அங்கே கோட்டையைத் தவிர ஒன்றுமில்லை, ஒரு மணி நேரம் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. அதிகம் நடக்க முடியாது, படியேறுவதும் கடினம். மகனுக்குப் பத்து வயது. தண்ணீரைக் கண்டால் நிற்க மாட்டான். இந்த நிலையில் தரங்கம்பாடியில் தங்குவது பொருத்தமா, அல்லது பூம்புகாருக்கோ காரைக்காலுக்கோ போவது நல்லதா என்பதை, நேரில் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: வழிப்போக்கன்

நான் சென்ற ஆண்டு சித்திரையில் நண்பர்களுடன் சென்றேன். மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: தங்குமளவுக்கு அங்கே எதுவுமில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கினோம். கோட்டைக்கு முன்னால் உள்ள திடலில் ஒதுங்க நிழலில்லை. அருங்காட்சியகத்தை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். தேவாலயம் பூட்டியிருந்தது, கடற்கரையில் கால் வைக்க முடியாதபடி மணல் சுட்டது. ஒன்றரை மணிக்கெல்லாம் காரைக்காலுக்குக் கிளம்பிவிட்டோம். வயதானவர்களையும் அழைத்துச் செல்வதால், திருக்கடையூரிலேயே அறையை வைத்துக்கொண்டு, போகும் வழியில் ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டு வருவதே போதும் என்பது என் கருத்து.

மறுமொழி 2: உப்பனாற்றங்கரை

நான் தரங்கம்பாடியை அடுத்துள்ள பொறையாற்றில் பிறந்து வளர்ந்தவன். இப்போது வேலை காரணமாக வெளியூரில் இருக்கிறேன். வழிப்போக்கன் சொன்னதில் பொய்யில்லை, ஆனால் சித்திரை மாத உச்சிப்பொழுதில் எங்கள் ஊர்க்காரர்களே வாசலை விட்டு இறங்க மாட்டார்கள். தரங்கம்பாடிக்கு உரியவை காலையும் மாலையும்தான். அந்த இரண்டும் வேண்டுமென்றால் ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. டேனியர்கள் (டென்மார்க் நாட்டவர்) கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. உங்கள் கணக்கில் முழு நாளாகக் கிடைப்பது வெள்ளிக்கிழமை என்பதால், கோட்டையைச் சனிக்கிழமை காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திருக்கடையூரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். வியாழக்கிழமை நான்கு மணிக்குப் புறப்பட்டாலும் வெயில் தாழும் நேரத்துக்கு வந்துவிடலாம். ஊருக்குள் நுழையும்போது 1792ஆம் ஆண்டு டேனியர்கள் கட்டிய வெள்ளை நிற நகரவாயில் எதிர்ப்படும். அதைக் கடந்ததும் ராஜ வீதி நேராகக் கடலை நோக்கிப் போகிறது. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரே வீதியிலும் அதன் முடிவிலும் இருப்பதால், அம்மா வண்டியில் அமர்ந்தபடியே பாதியைப் பார்த்துவிடலாம். வலப்புறம் இடப்புறமாக இரண்டு தேவாலயங்கள் வரும். 1701இல் எழுந்த சீயோன் ஆலயம் ஒன்று, 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் மற்றொன்று. இரண்டாவதன் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் முடியும் பெயரெழுத்தும் புடைப்பாக இருக்கும். மகனிடம் காட்டித் தேடச் சொல்லுங்கள். உள்ளே பலிபீடத்துக்கு முன்னால், ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை உள்ளது. 1706 ஜூலை 9 அன்று இந்தக் கடற்கரையில் வந்திறங்கிய அவர், திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். அவருடைய பணிக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். தங்கள் தந்தை புத்தகப் பிரியர் என்றால் இந்த ஒன்றுக்காகவே வரலாம்.

கோட்டையைப் பற்றி ஒரு சொல். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஆண்டுக்கு ரூ.3,111 செலுத்துவதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, 1620இல் டேனியத் தளபதி ஓவே கெட்டே கட்டத் தொடங்கியது அது. 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ரூ.12.5 லட்சத்துக்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதன்பின் சில ஆண்டுகள் ஆட்சியர் அலுவலகம் இங்கே இருந்தது. அதுவும் இடம் மாறி, 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் கப்பல் வணிகம் முழுவதும் அங்கே போய்விட்டது. பழைய வீடுகளை இடித்துக் கடை கட்டும் அவசரம் யாருக்கும் வராததால்தான் ராஜ வீதி இன்றும் அகலமாகவும் ஆளரவமின்றியும் கிடக்கிறது. கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரையுள்ள அறைகள் இருக்கின்றன. அம்மா அங்கே குளிர்ச்சியாக அமர்ந்திருக்க, மற்றவர்கள் படியேறி மேல்தளத்திலிருந்து கடலைப் பார்க்கலாம்.

கோட்டைக்கு வடக்கே கரையோரத்தில் இருப்பது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1300களின் தொடக்கத்தில் எழுந்த கோயில். அங்குள்ள கல்வெட்டில் இவ்வூரின் பெயர் சடங்கன்பாடி. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. என் பாட்டி, தம் இளமையில் சுவாமியை வலம் வந்த இடம் என்று அலைக்கு நடுவே ஓரிடத்தைக் கைநீட்டிக் காட்டுவார். அங்கே தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நாங்கள் எட்டிப் பார்ப்போம். இப்போது கரையில் கருங்கற்களைக் குவித்துத் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் பாசி படர்ந்திருக்கும், இடுக்கில் கால் சிக்கும். மகனை அவற்றின்மேல் ஏற விடாதீர்கள். இங்கே கடலில் குளிப்பதும் வேண்டாம். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை விடியலில் அப்பாவையும் மகனையும் அழைத்துக்கொண்டு மீனவர் குப்பத்துப் பக்கம் நடந்து பாருங்கள். ஃபைபர் படகுகள் கரையேறியதும் வலையை உதறி, மீனைக் கூறு கூறாக மணலில் கொட்டி ஏலம் விடுவார்கள். கூறுக்கு ஒரு விலை சொல்லி ஏற்றிக்கொண்டே போகும் பெண்களின் குரல் அலையோசையை மிஞ்சும். படம் எடுப்பதானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று பலரைப் பறிகொடுத்த தெருக்கள் அவை. வருகிறவர்களெல்லாம் எடுத்த எடுப்பில் சுனாமியைப் பற்றி விசாரிப்பது அவர்களுக்குச் சலித்துப் போயிருக்கிறது.

மறுமொழி 3: நெய்தல்வாசகி

உப்பனாற்றங்கரை அவர்கள் விரிவாக எழுதிவிட்டதால், மற்ற இரண்டு ஊர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பூம்புகார் வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 1973இல் அமைக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகியின் கதை முழுவதும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் படித்த மகனுக்குப் பிடிக்கும். ஆனால், பழைய பட்டினத்தை நேரில் காணலாம் என்ற எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றமே மிஞ்சும். காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்க்க மணலில் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் அம்மாவுக்குச் சிரமம். வெள்ளிக்கிழமை முற்பகலில் மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

மாலைப்பொழுதுக்குக் காரைக்கால் ஏற்றது. அரசலாற்றின் கரையையொட்டிக் கடற்கரை வரைக்கும் நல்ல சாலை இருப்பதால், வண்டியை நிறுத்தி இறங்கினால் உட்கார இடம் கிடைத்துவிடும். திரும்பும் வழியில் காரைக்கால் அம்மையார் கோயிலையும் பார்த்துக்கொள்ளலாம். இரவு உணவையும் அங்கேயே முடித்துக்கொண்டு தரங்கம்பாடிக்குத் திரும்புங்கள். தரங்கம்பாடியில் இருட்டிய பிறகு சாப்பிடக் கடை தேடி நாங்கள் அலைந்திருக்கிறோம். பொறையாற்றுக் கடைத்தெருவில்தான் இட்லி கிடைத்தது.

கேள்வி கேட்டவர்: பவானிக்கரை

மூவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் போயிருந்தால் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வந்திருப்போம். வியாழன், வெள்ளி இரண்டு இரவும் தரங்கம்பாடியில் தங்குவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. இன்னும் ஓர் ஐயம்: தேவாலயம் பூட்டியிருந்ததாக முதல் மறுமொழியில் இருக்கிறதே, அதைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கலாமா? நாங்கள் வேற்று மதத்தினர் என்பதால் தயக்கமாக இருக்கிறது.

மறுமொழி 4: உப்பனாற்றங்கரை

தயங்க வேண்டாம். வழிபாடு இல்லாத நேரத்தில் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். வளாகத்தில் இருப்பவரிடம் கல்லறையைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னால் திறந்துவிடுவார். காலணியை வாசலில் கழற்றிவிட்டுப் போங்கள். உண்டியலில் இயன்றதைப் போட்டுவிட்டு வாருங்கள். மாசி மாதமென்றால் மழைக்காலம் முடிந்து கடலும் அடங்கியிருக்கும். அறை எடுக்கும்போது கீழ்த்தள அறையாகக் கேட்டு வாங்குங்கள். பழைய கட்டடங்களில் படிகள் செங்குத்தாக இருக்கும், அம்மாவுக்கு ஆகாது.