புனரமைப்பு வீடுகள்: மனசை விட்டுப் போகாத ஒன்னைப் பகிருங்க

மறையூர்_மேஸ்திரி
கேரளாவில் தேவிகுளம் பக்கம், 2018 வெள்ளத்துக்கு அப்புறம் வெளிநாட்டு நன்கொடையில் எழும்பின வீடு. பெல்ட் (சுவரைச் சுத்திப் போடுற கான்கிரீட் பட்டை), கம்பி, சிமென்ட் எதிலும் குறையில்ல. ஆனா ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் குறுக்கு விரிசல், உள்ளே நின்னா அது வழியா தேயிலைச் செடி தெரியுது. பாதி இடம் சரிவை வெட்டினது, பாதி அந்த மண்ணையே கொட்டி நிரப்பினது. ஒரே மழைக்காலத்தில் நிரப்பின பக்கம் இறங்கிடுச்சு. பழைய கெட்டித் தரை தட்டுற வரைக்கும் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி இருக்கணும். அப்படித் தோண்டினா கருங்கல் செலவு எக்கச்சக்கமா ஏறும். தவணைத் தொகையோ மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒன்னுதான். முதல் தவணை கடக்காலிலேயே, அதாவது அஸ்திவாரத்திலேயே, கரைஞ்சா லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேல வர்ற உத்தரம்) மட்டம் வராது. லிண்டல் வராட்டி அடுத்த தவணை இல்ல.

குமுளி_எல்லை
அண்ணே சொல்றது அரசு தொகைக்கும் பொருந்தும். முழுசா இடிஞ்ச வீட்டுக்கு அப்போ 4 லட்சம். அதில் பேரிடர் நிதியிலிருந்து சமவெளிக்கு 95,100, மலைக்கு 1,01,900. மீதியை முதல்வர் நிவாரண நிதி நிரப்பி ரெண்டையும் 4 லட்சமாக்கிடுச்சு. மலைக்குன்னு ஒதுக்கின அந்த 6,800 ரூபாய் வித்தியாசமும் பயனாளி கையில் காணாமப் போச்சு. உலக வங்கி அத்தனை கோடி கொடுத்தும் ஏன் இப்படி?

கொல்லங்கோடு_கணக்கு
தம்பி, அந்தப் பணத்தை வீட்டோட சேர்த்துக் குழப்பாதீங்க. 2018இல் ஐநா அமைப்புகள் எடுத்த மதிப்பீட்டில் மீட்புத் தேவை சுமார் 31,000 கோடி ரூபாய். 2019 ஜூனில் உலக வங்கி ஒப்புக்கொண்டது 25 கோடி டாலர். அது நன்கொடை இல்ல, கடன். ஆற்றுப்படுகை நிர்வாகம், சாலை, நகரத் திட்டமிடல்னு கொள்கை மாற்றங்களைச் செஞ்சதுக்கு மாநிலக் கருவூலத்துக்கு வந்தது, எந்தப் பயனாளி கணக்குக்கும் நேரா வரல. 2021இல் ஒப்புக்கொண்ட 12.5 கோடி டாலர் இன்னொரு வகை, இலக்கை எட்டினதைச் சரிபார்த்த பிறகே விடுவிப்பாங்க. வீட்டுத் தவணை தாமதமானா வங்கியைக் கேட்டுப் பயனில்ல. தாலுகா ஆபீசில் எந்தக் கட்டத்துப் போட்டோ பாக்கின்னு கேளுங்க.

வண்டிப்பெரியாறு_லயம்
தவணை பேசுறீங்க, எங்க ஆளுக அந்தக் கட்டத்துக்கே வரமாட்டாங்க. லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருக்கறவங்க பேரில் நிலம் ஏது? மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி நாலு லயம் மண்ணோட போச்சு, 70 உயிர். அதுக்கப்புறம் குற்றியார்வேலியில் எழும்பினது 8 வீடு. தலைமுறை தலைமுறையா இருந்த இடம் பேப்பரில் எங்களுது இல்ல. இலங்கை மலையகத்தைப் பாருங்க, அங்கேயும் இதே லயம்தான். இந்தியாவோட 4,000 தோட்ட வீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம், நம்ம கணக்கில் நாலரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நிலத்தை முதல்ல முடிவு பண்ணிட்டுத்தான் கல்லை இறக்கறாங்க.

ஆரியங்காவு_ரப்பர்
இலங்கையையே பேசுவோம். வன்னியில், கிளிநொச்சிப் பக்கத்து வீடு ஒன்னு. கூரை முடிஞ்சிருக்கு, வாசலுக்குக் கதவு இல்ல, தகரத்தைச் சாய்ச்சு வெச்சிருக்காங்க. போருக்கு அப்புறம் இந்தியா கொடுத்த திட்டம், 550 சதுரடி, இலங்கைக் காசில் 5,50,000, உரிமையாளரே கட்டணும். கணக்குக்கு நேரா பணம் வருவது நல்ல முறை. ஆனா பெண் பிள்ளைக்குச் சீதனமா ஆகட்டும்னு ஒரு அறை கூட்டி அத்திவாரம் போட்டுட்டாங்க. ஒரே நேரத்தில் ஊரெல்லாம் கட்டினதில் மணல் விலையும் மேசன் கூலியும் ஏறிடுச்சு. கடைசியில் மிஞ்சினது கதவும் கடனும்.

குமரி_கடற்கரை
வண்டிப்பெரியாறு அண்ணாச்சி சொன்ன நிலம்தான் முக்கியம். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் 2005 அரசாணைப்படி வீடும் நிலமும் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரிலும் பதிவாச்சு, தொண்டு நிறுவனம் கட்டின வீட்டுக்கும் அதேதான். ஆனா மறையூர் மேஸ்திரி கடக்காலோட விட்டுட்டார், தாங்குசுவரைச் சொல்லல. மலையில் கட்டுறவங்க யாராயிருந்தாலும் சாவி வாங்குறதுக்கு முன்னால வீட்டுப் பின்பக்கம் போய்ப் பாருங்க. வெட்டின மண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நடக்க இடம் வேணும், நாலடிக்குக் குறையாம. தாங்குசுவரில் அஞ்சடிக்கு ஒரு 3 அங்குலக் குழாய், வெளிப்பக்கம் லேசா சாய்ஞ்சிருக்கணும். குழாய் இருந்தா மட்டும் போதாது, சுவருக்குப் பின்னால ஓரடி அகலத்துக்கு மெட்டல் (ஜல்லிக்கல்) கொட்டியிருக்காங்களான்னு கேளுங்க. வெறும் மண்ணை அடைச்சிருந்தா களி வந்து குழாயை மூடிடும், நீர் சுவருக்குப் பின்னால தேங்கித் தள்ளும். சுவர் நடுவில் வயிறு தள்ளினாப்ல தெரிஞ்சா உள்ளே குடியேறாதீங்க, எழுதிக் கொடுங்க. மேட்டு விளிம்பில் ஒரு வெட்டுக்கால்வாயும் வேணும், சிமென்ட் பூசினது, ஓடைவரைக்கும் கொண்டுபோய் விட்டது. அதைப் பாதியில் நிறுத்தினா மொத்தத் தண்ணியும் ஒரே இடத்தில் சரிவுக்குள்ள இறங்கும், கால்வாயே இல்லாததைவிட மோசம்.

மறையூர்_மேஸ்திரி
கால்வாய் சரிதான் அண்ணாச்சி, ஆனா எஸ்டிமேட்டில் அது தனி வரியா வரணும். வீட்டுத் தொகைக்குள்ள அடக்கினா செலவைக் குறைக்க முதல்ல கழிக்கிறது அதைத்தான்.