டி நிலையில் மாட்டிய ப்ராசஸ், கில் -9 போட்டும் போகவில்லை

சர்வர்காரன்:
லினக்ஸ் சர்வர் ஒன்றில் என்எஃப்எஸ் மவுன்ட்டுக்குள் (நெட்வொர்க் வழியே இணைத்த வேறு மெஷினின் வட்டு) ஆர்சிங்க் (கோப்பு நகலெடுக்கும் நிரல்) பேக்கப் ஓடும். ஸ்டோரேஜ் பக்கம் நெட்வொர்க் அறுந்ததிலிருந்து சில ஆர்சிங்க் ப்ராசஸ்கள் அப்படியே நிற்கின்றன. பிஎஸ்ஸில் (ப்ராசஸ் பட்டியல் காட்டும் கட்டளை) நிலை 'டி'. ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) கில் -9 (கட்டாயமாக நிறுத்தும் சிக்னல்) கொடுத்தாலும் அசையவில்லை. சிபியு சும்மா இருக்கிறது, லோடு (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) மட்டும் ஏறுகிறது. டிஎஃப் (வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் கட்டளை) அடித்தால் அந்த டெர்மினலும் தொங்கிவிடுகிறது. இதே மெஷினில் டேட்டாபேஸ் இருப்பதால் ரீபூட் வேண்டாம். வழி உண்டா?

கர்னல்_கிறுக்கன்:
'டி' என்றால் கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையம்) ஐ/ஓ (படிப்பது, எழுதுவது) முடியக் காத்திருக்கிறது. சிக்னல் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் ப்ராசஸ் விழித்தால்தான் அதைக் கவனிக்கும். லினக்ஸில் டி நிலையும் லோடு கணக்கில் சேரும், சிபியு சும்மா இருந்தும் லோடு ஏறுவது அதனால்தான்.

எல்லாவற்றுக்கும் கில் அனுப்புவதில் பயனில்லை. முதலில் யார் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பிஎஸ்ஸில் பிஐடி (ப்ராசஸ் எண்), ஸ்டேட் (நிலை), டபிள்யூசேன் (அது காத்திருக்கும் கர்னல் செயல்பாட்டின் பெயர்) பத்திகளைக் கேளுங்கள் (டபிள்யூசேனுக்கு அகலம் 32 கொடுங்கள், இல்லாவிட்டால் பெயர் வெட்டுப்படும்). 2.6.25 கர்னலிலிருந்து என்எஃப்எஸ் காத்திருப்புகள் பெரும்பாலும் கில் -9-க்கு மட்டும் இணங்கும். பெயர் 'கில்லபிள்' என்று முடிந்தால் அந்த வகை. 'ஆர்டபிள்யூசெம்' என்று தொடங்கினால் அது வேறொருவர் பிடித்திருக்கும் பூட்டுக்காக வரிசையில் நிற்கிறது. பூட்டை வைத்திருக்கும் ப்ராசஸுக்குக் கில் -9 கொடுத்தால் பின்னால் நிற்பவை தானாக நகரும். சரியாகத் தெரியாவிட்டால் ரூட்டாக ப்ராக் அடைவில் அந்தப் பிஐடிக்குள் இருக்கும் 'ஸ்டாக்' கோப்பைப் படியுங்கள்.

ஷெல்_தாசன்:
அதோடு யுமவுன்ட் -எஃப் (மவுன்ட்டை வலுக்கட்டாயமாகக் கழற்றும் கட்டளை). நிலுவையில் உள்ள கோரிக்கைகளை அது பிழையாக முடித்துவைக்கும். 'பிஸி' என்று சொன்னால் இன்னொரு முறை அடியுங்கள். யுமவுன்ட் -எல்-ஐ நம்பி உட்காராதீர்கள், அது அடைவு மரத்திலிருந்து கழற்றுவதோடு சரி. புதிய டிஎஃப் தொங்காது, பழைய ப்ராசஸ்கள் அங்கேயே கிடக்கும். அதுவரை டிஎஃப் -எல் போட்டால் உள்ளூர் வட்டுகள் மட்டும் வரும்.

ஸ்டோரேஜ் அதே ஐபியில் திரும்பினால் இதெல்லாம் தேவைப்படாது, ஹார்டு மவுன்ட் (பதில் வரும்வரை விடாமல் முயலும் வகை) விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சர்வர்காரன்:
கில்லபிள் என்று காட்டிய ஒன்றை அடித்ததும் மற்றவையும் போய்விட்டன, நன்றி. இனி சாஃப்ட் மவுன்ட் போடலாமா? பழைய குறிப்புகளில் 'இன்டர்' ஆப்ஷனும் (காத்திருப்பைச் சிக்னலால் முறிக்க விடுவது) இருக்கிறது.

கர்னல்_கிறுக்கன்:
'இன்டர்' 2.6.25-க்குப் பின் வெறும் அலங்காரம், கர்னல் கண்டுகொள்ளாது. எழுதும் மவுன்ட்டுக்குச் சாஃப்ட் வேண்டாம். நேரம் கடந்ததும் பிழை திரும்பும், அதைச் சரிபார்க்காத நிரல் பாதி எழுதிய கோப்பை முழுசு என்று நினைத்துக்கொள்ளும். படிக்க மட்டுமான மவுன்ட் என்றால் பரவாயில்லை. டைமியோ (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) மதிப்பு நொடியில் பத்தில் ஒரு பங்கு, 600 என்றால் 60 நொடி. இதை மறந்து 60 போட்டால் 6 நொடியிலேயே மறுமுயற்சி தொடங்கும், பிழையும் சீக்கிரமே வரும்.