'ஃபீட்பேக்' என்பதற்குச் 'சுழலூளை'

ஒலிவாங்கி, ஒலிபெருக்கி ஆகிய இரு சொற்களும் நம்மிடையே நிலைத்துவிட்டன. அவ்விரண்டுக்கும் இடையே எழுந்து காதைக் கிழிக்கும் ஓசையை மட்டும் இன்னும் 'ஃபீட்பேக்' என்றே சொல்லி வருகிறோம். இதற்குத் தமிழ்ச் சொல்லாக நண்பர் ஒருவர் முன்வைத்த 'எதிரொலி'யை என்னால் ஏற்க இயலவில்லை. மலையில் மோதித் திரும்பும் குரலைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்; எதிரொலி தேய்ந்து தேய்ந்து அடங்கிவிடும். இதுவோ ஒலிபெருக்கியிலிருந்து மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து, பெருக்கப்பட்டு, சுற்றுக்குச் சுற்று தடிப்பது.

'பின்னூட்டல்' பிழையான சொல் அன்று. ஆனால் ஒலியைப் பெருக்கும் மின்சுற்றுகளில் வேண்டுமென்றே அமைக்கப்படும் பின்னூட்டலும் உண்டு; அச்சொல் இந்த ஓசையை மட்டும் குறிக்காது. போதாததற்கு, வலைப்பதிவில் வாசகர் எழுதும் கருத்தும் பின்னூட்டமாகிவிட்டது.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில் திருவிழாக்களில் 'மைக் ஊளையிடுது' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். காரணத்தைச் 'சுழல்' சொல்ல, விளைவை 'ஊளை' சொல்ல, 'சுழலூளை' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஊளை நரிக்குரியது, மேடைக்குத் தகாது என்ற தடை எழலாம். தகரக் கூரை மண்டபத்தில் அவ்வோசையைக் கேட்டவர்கள், இழுக்கு நரிக்குத்தான் என்பார்கள்.

பயிற்சிக் குறிப்புகளில் இச்சொல் எப்படி அமைகிறது என்று எழுதிப் பார்த்தேன். 'ஒலிவாங்கியின் தலையைக் கையால் பொத்தினால் சுழலூளை எழும்.' நம் பாடகர்கள் பலர் ஊளையை அடக்குவதாக எண்ணிச் செய்வது இதுவே. முன்புற ஓசையையே முதன்மையாக வாங்கும் ஒருதிசை ஒலிவாங்கி பின்புற ஓசையை விலக்குவது, அதன் வலையின் பின்புறத் துளைகள் வழியாகவும் ஒலி உட்புகுவதால்தான். அவற்றை அடைத்தால் அது நாற்புற ஓசையையும் வாங்கத் தொடங்கிவிடும். 'சுழலூளையைத் தவிர்க்க ஒலிவாங்கியை வாய்க்கு நெருக்கிப் பாடுக.' 30 சென்ரிமீற்றரிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு நெருங்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாக உள்ளே செல்லும். அந்த அளவுக்குப் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 'ஒலிபெருக்கிகள் பாடுபவருக்கு முன்னே, அவையோரை நோக்கி நிற்கட்டும்.' இதில் 'சுழலூளை' என்ற சொல்லே தேவைப்படவில்லை.

ஊளை எழுவதற்கு முன் எவ்வளவு பெருக்க முடியும் என்ற அளவுக்கு 'ஊளைமுன் பெருக்கம்' என்று எழுதிப் பார்த்தேன்; சற்று முரடாகவே ஒலிக்கிறது. இதைவிட இலகுவான சொல்லை எவரேனும் தந்தால் என்னுடையதைக் கைவிடத் தயங்கமாட்டேன்.