பணம் கட்டிப் படம் மாட்டுவது: தேர்வா, சுவர் வாடகையா?

மழைத்தாள்:
வணக்கம். அலுவலகம் போக மிச்ச நேரத்தில் நீர்வண்ணம் வரைகிறவள் நான். யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. பெரும்பாலும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பறவைகள்: கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, பூநாரை. இன்ஸ்டாகிராமில் போடுவேன். போன வாரம் இங்கே சென்னையில் ஒரு கேலரியிலிருந்து செய்தி வந்தது. என் படம் குழுக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறதாம். மூன்று நாள் காட்சி. ஒரு படத்துக்குப் பங்கேற்புக் கட்டணம் 6,000 ரூபாய். விற்றால் அதில் 30 சதவீதம் அவர்களுக்கு. சான்றிதழ், நினைவுப் பரிசு உண்டு. ஃபிரேம் என் செலவு.

வீட்டுக்காரர் "உன் காசு, உன் இஷ்டம்" என்கிறார். அந்தத் தொனி எனக்குத் தெரியும். அம்மா இதற்குள் பாதி ஊருக்குச் சொல்லிவிட்டார். கட்டலாமா?

செந்தூரம்:
வாழ்த்துச் சொல்ல மனம் வரவில்லை, மன்னியுங்கள். இது சுவர் வாடகை. நாற்பது படம் மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன்பே 2,40,000 ரூபாய் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் ஒரு படமாவது விற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு எங்கே இருக்கிறது?

விற்பனையை நம்பியிருக்கும் கேலரி விலையில் பாதி வரைகூடக் கழிவு எடுக்கும். நாங்கள் எல்லோரும் அதைத் திட்டியிருக்கிறோம். ஆனால் படம் விற்றால்தான் அவர்களுக்குச் சாப்பாடு. அதனால் வாங்குகிறவரைத் தேடிப் பிடிப்பார்கள், நல்ல விளக்குப் போடுவார்கள், உங்களைப் பற்றி நாலு பேரிடம் பேசுவார்கள். உங்களுக்குச் செய்தி அனுப்பியவர்களுக்கு நீங்கள்தான் வாடிக்கையாளர். படம் வாங்க வருகிறவர் இல்லை.

வேப்பம்பூ:
வந்துவிட்டார்கள் காவல்காரர்கள்! செந்தூரம் சார், ஒரு கேள்வி. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு சபா மண்டபத்தை யார் வாடகைக்கு எடுக்கிறார்கள்? நட்டுவாங்கம், மிருதங்கம், ஒப்பனை, வந்தவர்களுக்கு டிபன், எல்லாம் அப்பா அம்மா காசு. அந்தக் குழந்தையிடம் போய் "உன்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, மேடை வாடகைதான்" என்று சொல்வீர்களா? ஓவியத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தீட்டு?

பாரிஸில் 1874-இல் மோனே, ரெனுவார், தெகா என்ற ஓவியர்கள் எல்லோரும் சேர்ந்து காட்சி வைத்தார்களே, அது யார் காசு? சங்கம் மாதிரி ஒன்று தொடங்கி, ஆளுக்கு ஆள் சந்தா போட்டு, நாதார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் மாட்டினார்கள். நஷ்டத்தில்தான் முடிந்தது. அதுவும் சுவர் வாடகைதான்.

மழைத்தாள் அக்கா, கட்டுங்கள்.

செந்தூரம்:
அரங்கேற்ற அழைப்பிதழைப் படித்துப் பாருங்கள். குரு பெயர், பெற்றோர் பெயர், "தங்கள் வருகையை விழையும்". மண்டபத்தை யார் எடுத்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பிள்ளையும் அதற்கு முன் ஏழெட்டு வருடம் அடவு போட்டிருக்கும். இங்கே அப்படியா? "தேர்வாகியுள்ளது" என்று ஒரு பொய், அதற்குச் சாட்சியாக ஒரு சான்றிதழ். என் சண்டை பணத்தோடு இல்லை, அந்தப் பொய்யோடு.

பாரிஸ்காரர்கள் சந்தாவும் போட்டார்கள், முடிவும் அவர்களே எடுத்தார்கள். யார் சேரலாம், எதை எங்கே மாட்டலாம் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்தது. நம் ஊரிலேயே சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறதே. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். கூட்டாகச் செலவு செய்தது வேறு, தனித்தனியாக ஏமாறுவது வேறு.

தேம்ஸ்கரை:
லண்டனிலிருந்து ஒரு தகவல். இங்கே ராயல் அகாடமி என்ற கலைஞர் அமைப்பின் கோடைக் கண்காட்சி 1769 முதல் ஒரு வருடமும் விடாமல் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம், ஓய்வுபெற்ற தபால்காரர்கூட. அதற்கும் கட்டணம் உண்டு. படத்தை நிராகரித்தால் அந்தக் காசு திரும்பி வராது. விற்றால் கழிவும் எடுக்கிறார்கள். ஆகவே கட்டணம் வாங்கினாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அங்கே காசு கட்டுவது படத்தைப் பார்ப்பதற்காக, மாட்டுவதற்காக இல்லை. முதலில் புகைப்படத்தை வைத்துச் சலிப்பார்கள். அதில் தேறியவர்கள் அசல் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதிலும் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். பேங்க்ஸி தெரியுமல்லவா, சுவரில் வரைகிறவர்? 2018-இல் வேறு பெயரில் ஒரு படம் அனுப்பியதாகவும், நிராகரித்துவிட்டதாகவும் அவரே சொன்னார். கொஞ்ச நாளில் அதே அகாடமியிலிருந்து, இவர்தான் அவர் என்று தெரியாமல், "நீங்கள் ஏதாவது தர முடியுமா" என்று பேங்க்ஸிக்கு அழைப்பு. அதே படத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தாராம், மாட்டினார்கள்.

அதனால் தேர்வுக் குழு என்றதும் கையெடுத்துக் கும்பிட வேண்டாம். மழைத்தாள், உங்களிடம் படத்தின் அளவு கேட்டார்களா? நல்ல தெளிவுள்ள புகைப்படம் கேட்டார்களா?

மழைத்தாள்:
இரண்டும் கேட்கவில்லை. வங்கிக் கணக்கு எண்தான் அனுப்பினார்கள்.

செந்தூரம்:
அளவு தெரியாமல் எந்தச் சுவரில் எதை மாட்டுவது என்று எப்படி முடிவு செய்தார்களாம்? முடிந்தது கதை.

வேப்பம்பூ:
முடியவில்லை சார். தேர்வு நடக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். அதனால் என்ன? தேர்வு செய்கிற கேலரிகள் நம்மை உள்ளே விடுகின்றனவா? நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் கேள்வி "எங்கே படித்தீர்கள்?" அடுத்தது "இதற்கு முன் எங்கே காட்சி வைத்தீர்கள்?" முன்பு வைத்திருந்தால்தான் இப்போது வைக்கலாம் என்றால் முதல் தடவை எங்கிருந்து வரும்?

ஓவியர் ஆன்ரி ரூசோ பாரிஸ் நகரச் சுங்கச் சாவடியில் வேலை பார்த்தவர். 1886 முதல் சுயேச்சைக் கலைஞர்கள் சங்கத்தின் காட்சிகளில் மாட்டினார். தேர்வுக் குழுவும் கிடையாது, பரிசும் கிடையாது என்பதுதான் அந்தச் சங்கத்தின் கொள்கையே. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் பிக்காஸோ அவருக்கு விருந்து வைத்தார். தேர்வு செய்துதான் மாட்டுவோம் என்றிருந்தால் அந்த ஆளை நமக்குத் தெரிந்தே இருக்காது.

தாகூர் எங்கே ஓவியம் படித்தார்? அறுபது வயதைத் தாண்டித்தான் தீவிரமாக வரைந்தார். 1930-இல் பாரிஸில் முதல் காட்சி.

செந்தூரம்:
தாகூர் நோபல் வாங்கிப் பதினேழு வருடம் ஆன பிறகு வைத்த காட்சி அது. பாரிஸில் ஏற்பாட்டுக்கு உதவ அர்ஜென்டினா எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ இருந்தார். தாகூரைச் "சாதாரண அமெச்சூர்" வரிசையில் நிறுத்தாதீர்கள், பாவம்.

ரூசோ விஷயம் சரி. ஆனால் அவரோடு அந்தச் சுவர்களில் தொங்கிய மற்றவர்கள் எத்தனை பேர்? அவர்களில் யார் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? லாட்டரியில் ஜெயித்தவனை மட்டும் காட்டிச் சீட்டு விற்காதீர்கள்.

நான் எழும்பூர்க் கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். கூடப் படித்தவர்கள் பலர் இன்று விளம்பரக் கம்பெனியிலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறார்கள். 6,000 கட்ட முடியாததால் இந்த மாதிரிக் காட்சிகளில் அவர்களைப் பார்க்க மாட்டீர்கள். கட்ட முடிந்தவர்களைத்தான் பார்ப்பீர்கள். கதவைத் திறந்துவிட்டார்கள் என்கிறீர்களே, காசுள்ளவனுக்குத் திறந்த கதவு அது. அதில் என்ன ஜனநாயகம்?

தேம்ஸ்கரை:
இது வலுவான வாதம். வேப்பம்பூ, இதற்குப் பதில் சொல்லுங்கள்.

வேப்பம்பூ:
சொல்கிறேன். அவர்களுக்கு இடமில்லாதது அநியாயம். அந்த அநியாயத்தை மழைத்தாள் அக்கா வீட்டில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது.

இன்னொன்று. படம் பொதுச் சுவரில் தொங்கும்போது வரைந்தவருக்கே ஏதோ தெரிய வருகிறது, அதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. என் படம் ஒன்று இப்படிப்பட்ட காட்சியில்தான் தொங்கியது, ஆமாம், காசு கட்டித்தான். ஃபோன் திரையில் பளபளவென்று இருந்த வானம் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வெளுத்த சுண்ணாம்பு. பக்கத்தில் ஒரு பையனின் கரிக்கோட்டுப் படம். எல்லோரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். என்னுடையதைப் பார்த்தபடியே நடந்து போய்விட்டார்கள். வீட்டு ஹாலில் மாட்டினால் சித்தப்பா வந்து "சூப்பர்மா" என்பார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செந்தூரம்:
அந்தப் பாடத்துக்கு 6,000 வேண்டாம். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிக்குப் போய், அங்கே தொங்கும் படங்களுக்குப் பக்கத்தில் உங்கள் படத்தை மனசுக்குள் மாட்டிப் பாருங்கள். இலவசம்.

வேப்பம்பூ:
மனசுக்குள் மாட்டினால் எல்லோரும் ரவிவர்மாதான் சார்.

சட்டமும் கண்ணாடியும்:
ஃபிரேம் கடை வைத்திருப்பவன் பேசலாமா? இந்த மாதிரிக் காட்சிகளுக்கு நிறையச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மாட்டவும் போயிருக்கிறேன். திறப்பு விழா அன்று கூட்டம் அள்ளும். எல்லோரும் படம் வைத்தவர்களின் சொந்தக்காரர்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் படத்துக்கு முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போகும். இரண்டாம் நாள் ஈ ஓட்டுவார்கள். மூன்றாம் நாள் மத்தியானமே கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

நீர்வண்ணம் என்பதால் ஒன்று சொல்கிறேன் அம்மா. எங்கே மாட்டினாலும் சரி, படத்தைக் கண்ணாடியில் ஒட்டி அழுத்திச் சட்டம் போட விடாதீர்கள். நடுவில் மவுண்ட் அட்டை இருக்க வேண்டும், அதுவும் அமிலம் இல்லாத அட்டை. நம் ஊர் ஈரப்பதத்துக்குத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கூழைக்கடாவுக்கு அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக வந்த பிறகு என்னிடம் கொண்டுவந்து பிரயோஜனமில்லை.

மழைத்தாள்:
எல்லோருக்கும் நன்றி. கேலரிக்கு எழுதிக் கேட்டேன்: யார் தேர்வு செய்தார்கள், என் படத்தில் எது பிடித்தது என்று. இரண்டுக்கும் பதில் இல்லை. "இரண்டு படம் வைத்தால் 9,000-க்குத் தருகிறோம், இன்றே உறுதிசெய்தால் நினைவுப் பரிசில் உங்கள் பெயர் பொறித்துத் தருவோம்" என்று பதில். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆடித் தள்ளுபடியா?" என்றார்.

கட்டவில்லை. ஆனால் செந்தூரம் சார் சொல்வதுபோல் வீட்டிலேயே இருக்கவும் மனமில்லை. படம் வரைகிற தோழிகள் இரண்டு பேரிடம் பேசினேன். செலவைப் பங்கு போட்டு ஒரு சின்ன அரங்கை நாங்களே எடுக்கலாமா என்று விசாரிக்கிறோம். அழைப்பிதழில் "தேர்வான படைப்புகள்" என்றெல்லாம் போட மாட்டோம். பள்ளிக்கரணையில் பறவை பார்க்க வருகிறவர்களைக் கூப்பிடலாம் என்று எண்ணம். பறவை தெரிந்தவர்கள் தாழைக்கோழியின் காலை நான் தப்பாக வரைந்திருந்தால் நேரே சொல்லிவிடுவார்கள், அதுதான் பயம். நாலாவதாக ஒருவர் சேர்ந்தால் செலவு இன்னும் குறையும். வேப்பம்பூ?

வேப்பம்பூ:
அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். நான் அந்தக் கேலரிக்கே நேற்றுக் கட்டிவிட்டேன். என்னையும் "தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்"! தெரிந்துதான் கட்டினேன். அரங்கு பிடிப்பது, அனுமதிக் கடிதம், ஆள் கூப்பிடுவது இதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை. இரண்டு பிள்ளைகள், ஷிஃப்ட் வேலை. 6,000-க்கு அந்தத் தலைவலியை யாரோ சுமக்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்குச் சரியாக வருகிறது.

செந்தூரம்:
தெரிந்தே கட்டியதால் பொய் உண்மையாகிவிடாது. அந்தச் சான்றிதழை ஹாலில் மாட்டுவீர்களா?

வேப்பம்பூ:
மாட்டுவேன். சித்தப்பா வருவார் அல்லவா?

செந்தூரம்:
சரி, உங்கள் இஷ்டம். மழைத்தாள், நீங்கள் எடுக்கும் அரங்கில் படத்துக்கு விலை எழுதாதீர்கள். முதல் காட்சியிலேயே விலை போட்டால் பார்க்கிறவர் படத்தை விட்டுவிட்டு எண்ணைத்தான் பார்ப்பார்.

தேம்ஸ்கரை:
முழுக்க மறுக்கிறேன். விலை போடாவிட்டால் பொழுதுபோக்குக்கு வரைந்தது என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். தாள், வண்ணம், சட்டம் இவற்றின் செலவோடு உழைப்புக்கும் சேர்த்துப் போடுங்கள். தெரிந்தவர் வந்தால் குறைக்காதீர்கள், அதுதான் முக்கியம்.

செந்தூரம்:
பொழுதுபோக்குக்கு வரைந்தது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அதுதானே உண்மை?

மழைத்தாள்:
சார், பள்ளிக்கரணையில் முழங்கால் சேற்றில் நின்று வரைவதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேலை துவைத்துப் பாருங்கள். விலை போடுவேன். எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை.

சட்டமும் கண்ணாடியும்:
விலையை அப்புறம் பேசுங்கள் அம்மா. எத்தனை படம், என்ன அளவு என்று முதலில் சொல்லுங்கள். மவுண்ட் அட்டை வெளியூரிலிருந்து வரவேண்டும். கடைசி வாரத்தில் வந்து நின்றால் என்னால் முடியாது.