மட்டக்குதிரை உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது: பேனா, சொறியா?

ஏரிச்சாலை:
கொடைக்கானல். ஒரே கொட்டகையில் மூன்று மட்டக்குதிரைகள், மூன்றும் சவாரிக்குப் போகிறவை. கார்த்திகைக் கடைசியில் இருந்து பெரிய குதிரை (22 வயசு) கம்பத்தில் கழுத்தையும் விலாவையும் தேய்க்கிறது. அங்கங்கே முடி கொட்டி, பொடுகு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. வால் அடியும் கலைந்து கிடக்கிறது. இப்போது மற்ற இரண்டும் ஆரம்பித்துவிட்டன. மருந்துக் கடையில் மாட்டு உண்ணிக்கு என்று அமித்ராஸ் 12.5% கொடுத்தார்கள், லிட்டருக்கு 2 மில்லி என்றார்கள். அடிக்கலாமா? இன்னொருத்தர் ஐவர்மெக்டின் (புழு, பூச்சி மருந்து) ஊசி போதும் என்கிறார்.

பொதிக்காரன்:
அண்ணே, அந்த பாட்டிலைத் திறக்கவே திறக்காதீங்க. அமித்ராஸ் மாட்டுக்கு சரி, குதிரைக்கு ஆகவே ஆகாது. குடல் ஓட்டம் நின்று சாணி கட்டிக்கொள்ளும், வயிற்றுவலியில் புரளும், தள்ளாடும். லிட்டருக்கு எத்தனை மில்லி என்ற பேச்சே இங்கே இல்லை. ஏற்கெனவே அடித்திருந்தால் உடனே சொல்லுங்க, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு டாக்டரைக் கூப்பிடணும்.

ஊசியும் வேண்டாம். குதிரைக்கு ஐவர்மெக்டின் வாய்வழிதான். தசையில் போட்டால் அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் கிருமி பெருகி, வீங்கி, உயிரே போன கேஸ்கள் உண்டு.

ஏரிச்சாலை:
இன்னும் அடிக்கல. நல்லவேளை கேட்டேன்.

லாயம்_மேல்மலை:
எது என்று பார்க்காமல் மருந்தைத் தேடினால் காசும் போகும், நாளும் போகும். நல்ல வெயிலில் நிறுத்தி, டார்ச்சும் ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடரி அடி, கழுத்து, விலா, வால் அடி என்று முடியை வகிடு மாதிரிப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் பேன் நகரும். குளிர்காலத்து அடர்ந்த முடியில் மேலோட்டமாகத் தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

குதிரைக்கு இரண்டு பேன். கடிக்கிற பேன் 2 மில்லிமீட்டருக்கு உள்ளேதான் இருக்கும், மஞ்சள் பழுப்பு, தலை அகலம், சுறுசுறுப்பாக ஓடும். தோல் செதிலைத் தின்று கழுத்திலும் விலாவிலும் நிறைய இருக்கும். ரத்தம் உறிஞ்சுகிற பேன் 3 மில்லிமீட்டருக்கு மேல், சாம்பல் நீலம், தலை ஒடுக்கம், தலையைத் தோலில் புதைத்து நிற்கும். பிடரி, வால் அடி, குளம்புக்கு மேல் உள்ள நீண்ட முடி அதன் இடம். இது அதிகமானால் ஈறு வெளுத்துப்போகும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

பொடுகு ஊதினால் பறக்கும். ஈர் முடியோடு ஒட்டியிருக்கும், நகத்தால் உருவினால்தான் வரும். கால்களை மட்டும் தரையில் உதைத்துக்கொண்டு, கணுக்கால் முடிக்குள் பொருக்கு இருந்தால் அது பேன் இல்லை, காலில் வருகிற சொறிப்பூச்சி. தோல் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கணும். முதுகில் பிரஷ் குஞ்சம் மாதிரி முடி கொத்தாகப் பொருக்கோடு பிய்ந்து வந்தால் மழை ஈரத்தில் வருகிற தோல் நோய். அதற்குப் பூச்சி மருந்து அடித்துப் பயனில்லை.

ஏரிச்சாலை:
பார்த்தேன். மூன்றிலும் மஞ்சள் பேன், கழுத்திலும் விலாவிலும். ஈரும் இருக்கு. ஆனால் பெரியதுக்கு வால் அடியில் பேனே இல்லை. வாலைத் தூக்கினால் ஆசனவாயைச் சுற்றி மஞ்சள் கலந்த பசை காய்ந்து ஒட்டியிருக்கு. வீட்டில் பிள்ளைகளுக்குப் பேன் ஒட்டுமா?

லாயம்_மேல்மலை:
குதிரைப் பேன் மனிதத் தலையில் குடியேறாது, பயம் வேண்டாம்.

அந்தப் பசை ஊசிப்புழு என்ற குடற்புழுவின் முட்டை. அதாவது உங்களுக்கு இரண்டு பிரச்சினை. பேனுக்கு மட்டும் வைத்தியம் பார்த்திருந்தால் வால் தேய்ப்பு நிற்காது, மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்திருப்பீர்கள். காலையில் கழுவும் முன் செலோடேப்பை ஆசனவாயில் அழுத்தி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி கால்நடை மருத்துவமனையில் கொடுங்கள். சாணிப் பரிசோதனையில் இந்த முட்டை பெரும்பாலும் தப்பிவிடும்.

குடற்புழு மருந்து எடைக்குத்தான். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையில் இருந்து பின்புட்ட முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி (எல்லாம் சென்டிமீட்டர்), 11,880-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 145, நீளம் 140 என்றால் சுமார் 248 கிலோ. கண்ணால் மதிப்பிட்டுக் குறைத்துக் கொடுப்பதுதான் நிறையப் பேர் செய்கிற தப்பு. மருந்து கொடுத்தபிறகும் ஆசனவாயைச் சுற்றித் தினமும் ஈரத் துணியால் துடையுங்கள், துணியை எரித்துவிடுங்கள்.

பொதிக்காரன்:
பேனுக்கு: வாய்வழி ஐவர்மெக்டின் ரத்தம் குடிக்கிற பேனைப் பிடிக்கும். உங்களுடையது செதில் தின்கிற ஜாதி, அதை நம்ப முடியாது. மேலுக்குத்தான் போடணும்.

டெல்டாமெத்ரின் 1.25% என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. லேபிளில் குதிரைக்கு வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. குட்டி, சினை என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீங்க. மட்டக்குதிரை ஒன்றுக்கு 3 லிட்டர் வரை பிடிக்கும். கையுறை போட்டு, ஸ்பாஞ்சால் முடியின் போக்குக்கு எதிராகத் தேய்த்து தோல் வரை நனையணும். முடி நுனி மட்டும் ஈரமானால் பேன் அடியில் சௌகரியமாக இருக்கும். முகத்தில் ஊற்றாமல் துணியால் துடையுங்க, கண், வாய் படக்கூடாது.

மார்கழிக் குளிரில் காலையில் நனைக்காதீங்க. 11 மணி வெயில் வந்தபிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, ஒரு நாளில் மூன்றையும் முடிங்க. ஒன்றை விட்டால் அதிலிருந்தே திரும்ப வரும். சாயங்காலத்துக்குள் காயணும்.

மருந்து ஈரைக் கொல்லாது. கடிக்கிற பேனின் ஈர் 5 முதல் 10 நாளில் பொரியும். பொரிந்தது முட்டையிடும் முன்னே 14-ஆம் நாள் இரண்டாவது முறை. அரிப்பு நின்றுவிட்டது என்று இதை விட்டவர்கள்தான் மாசி மாதம் திரும்ப வந்து கேட்கிறார்கள்.

ஏரிச்சாலை:
சேணம், கம்பளி? முடியை வெட்டிவிடலாமா?

பொதிக்காரன்:
உறைபனி விழுகிற நேரம், முழுசா வெட்டாதீங்க. பிடரியை மட்டும் குறைத்தால் போதும். கம்பளி, சேணத்துக்கு அடியில் போடுகிற துணி எல்லாம் கொதிநீரில். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் கட்டி 3 வாரம் தொடாதீங்க. பிரஷ் மூன்றுக்கும் மூன்று. குதிரைகள் தேய்த்த கம்பத்தையும் கழுவுங்க. நன்றாகக் காயும் வரை சேணம் ஏற்றக் கூடாது, அன்றைக்குச் சவாரி இல்லை.

கழுவின தண்ணீர் ஏரிக்கோ ஓடைக்கோ போகக் கூடாது, மீன் செத்து மிதக்கும். பூனை இருந்தால் அதையும் ஒதுக்கி வைங்க.

லாயம்_மேல்மலை:
ஒன்று விட்டுப்போனது. பேன் முதலில் 22 வயசுக் குதிரைக்கு ஏன் வந்தது? பல் தேய்ந்து, கொள்ளு மெல்ல முடியாமல் வாயிலிருந்து உதிர்ந்தால் உடம்பு வற்றும், பேன் பெருகும். கோடையிலும் அதன் முடி நீளமாக, சுருண்டு, உதிராமல் இருந்ததா? அப்படியானால் டாக்டரிடம் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைப் பற்றிக் கேளுங்கள்.

ஏரிச்சாலை:
ஆமாம் அக்கா, சித்திரையிலும் முடி கொட்டவே இல்லை.

லாயம்_மேல்மலை:
அப்போ செலோடேப்போடு சேர்த்து அதையும் சொல்லுங்கள். ரத்தம் எடுக்கச் சொல்லலாம்.