டான்கோ பொம்மை அசலா? அடிப்பாகம் பார்க்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சோவியத் ஆரம்பகாலப் பீங்கான் பொம்மைகள் சேர்ப்பவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? போன வாரம் பெர்லினில் ஒரு பழம்பொருள் சந்தையில், சோவியத் சிற்பி நதாலியா டான்கோ வடித்த, கொடி தைக்கும் பெண் பொம்மையைப் பார்த்தேன். தலையில் துணி கட்டி, மடியில் சிவப்புக் கொடியைப் பரப்பிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். விலையைக் கேட்டதும் வயிறு கலங்கியது, ஆனாலும் முன்பணம் கொடுத்துவிட்டேன் (வீட்டில் இன்னும் சொல்லவில்லை).

அடியில் சுத்தியல், அரிவாள், பாதிப் பல்சக்கரம் நீலத்தில் கையால் வரைந்திருக்கிறது. அது சோவியத் கால ஆலைச் சின்னம், சரி. பக்கத்திலேயே ஒரு பச்சைத் திட்டு. அது ஜார் காலத்து முத்திரையை மறைத்தது, அதனால்தான் மதிப்பு அதிகம் என்கிறார் விற்பவர். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. 1918-இல், டான்கோ வேலை செய்த பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஜார் பீங்கான் ஆலை சோவியத் அரசுடைமையானபோது கிடங்கில் கிடந்த வெள்ளைத் தட்டுகளை எடுத்து, பழைய முத்திரையின் மேல் பெயிண்ட் பூசிப் புதுச் சின்னம் போட்டார்கள். ஆனால் டான்கோவின் பொம்மைகள் புரட்சிக்குப் பிறகு புதிதாக வார்த்தவை, அதில் ஜார் முத்திரை எப்படி வந்திருக்கும்?

அப்புறம், 1925-இல் ஆலைக்கு ரஷ்ய அறிஞர் லொமனோசவ் பெயர் வந்த பிறகும் அங்கே பழைய உருவங்களைத் திரும்ப வார்த்திருக்கிறார்கள், இதுவும் அப்படிப் பிற்கால வார்ப்பாக இருக்குமோ என்று சந்தேகம். அசலைக் கையில் வைத்திருப்பவர்கள் அடிப்பாகத்தைப் படமெடுத்துப் போட முடியுமா? சனிக்கிழமைக்குள் மீதிப் பணம் கட்ட வேண்டும்.